காசிக் கயிறும் கார நூலும்

காசி யாத்திரை செல்லும் அன்பர்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் தரிசனத்தை நிறைவு செய்வர். கங்கையில் நீராடி, விசுவநாதரையும் அன்னபூரணியையும் விசாலாட்சியையும் வணங்கி, இறுதியில் அந்நகரின் காவலராகிய காலபைரவரின் சந்நிதியை அடைவர். அங்கே கறுப்பு நிறக் காசிக் கயிற்றைப் பெற்று மணிக்கட்டில் கட்டிக்கொண்டதும் யாத்திரை பூர்த்தியாயிற்று என்ற நிறைவு உள்ளத்தில் எழும். ஊரில் உள்ள உற்றார் உறவினர்க்கென்று பத்துக் கயிறுகளை வாங்கி மடியில் முடிந்துகொள்வதும் வழக்கம்.

காலபைரவர் கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் தாராநகர் என்னும் பகுதி வரும். குறுகலான சந்துகள்; இருபுறமும் பூக்கடைகளும் வில்வம் விற்போரும். அங்கே மிருத்யுஞ்ஜய மகாதேவர் எழுந்தருளியிருக்கிறார். மரண பயத்தைப் போக்குபவர் என்பதால் நோயுற்றோரும், நோயுற்றோருக்காக வேண்டிக்கொள்வோரும் இச்சந்நிதியை நாடி வருகின்றனர். இவ்வாலய வளாகத்தில் ஒரு பழங்கிணறு உள்ளது. தன்வந்திரி கூபம் என்று அதற்குப் பெயர். தேவ வைத்தியராகிய தன்வந்திரி, தம் மூலிகைகளையெல்லாம் இக்கிணற்றில் இட்டார் என்பது தல ஐதிகம். அந்நீரைத் தீர்த்தமாகப் பருகிச் செல்வோர் இன்றும் உண்டு.

காசிக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு இந்த ஒரு கிணற்றோடு முடிந்துவிடவில்லை. நூற்றாண்டுகளுக்கு முன் இந்நகரின் பெயரால் விளங்கிய மருத்துவ மரபு ஒன்று, இதே நகரின் மற்றொரு கோடியில் மீண்டும் உயிர்பெற்று, வெளியே சொல்லக் கூசும் ஒரு நோயால் அல்லலுற்ற எத்தனையோ பேருக்கு நிம்மதி அளித்து வருகிறது. அந்த மரபின் கருவியும் ஒரு நூல்தான்.

காசிராஜனின் பாடசாலை

புராணங்கள் தன்வந்திரியைக் காசி அரச மரபில் தோன்றியவராகவும், திவோதாசரை அவர் வழித்தோன்றலாகவும் கூறுகின்றன. ஆயுர்வேதத்தின் அறுவைச் சிகிச்சை நூலாகிய சுஸ்ருத சம்ஹிதை, இந்தத் திவோதாச தன்வந்திரியின் வாய்மொழியாகவே தொடங்குகிறது. அரச போகத்தைத் துறந்து வனத்தில் ஆசிரமம் அமைத்து வாழ்ந்த காசிராஜனைச் சுஸ்ருதர் முதலிய மாணாக்கர்கள் அணுகுகின்றனர். உலகில் மக்கள் பல்வேறு பிணிகளால் துன்புறுவதைக் கண்டு மனம் வருந்தி வந்திருப்பதாகவும், அவற்றைத் தீர்க்கும் கல்வியை அருளவேண்டும் என்றும் விண்ணப்பிக்கின்றனர். அவரும் இசைந்து உபதேசிக்கிறார்.

அவ்வுபதேசத்தில் எட்டுப் பிணிகள் மகா ரோகங்கள் என வகுக்கப்படுகின்றன. எளிதில் தீராதவை என்பதால் அவற்றுக்கு அப்பெயர். வாத நோய்கள், பிரமேகம், குஷ்டம், மூலம், கல்லடைப்பு, மகோதரம், கருப்பையில் சிசு சிக்கிக்கொள்ளும் நிலை ஆகியவற்றோடு பகந்தரம் என்பதும் அவ்வெட்டில் ஒன்று. தமிழில் இதனைப் பௌத்திரம் என்பர். பேச்சு வழக்கில் பவுந்திரம் என்றும் கூறுவர். தமிழகத்தின் எந்தப் பேருந்து நிலையத்தின் அருகிலும் 'மூலம், பௌத்திரம்' என்று எழுதிய பலகைகளைக் காணலாம். எனினும் அச்சொல்லின் பொருளை அறிந்தோர் சிலரே.

மூலம் வேறு, பௌத்திரம் வேறு. மூலம் என்பது ஆசனவாயின் இரத்தக் குழாய்கள் புடைத்து வீங்குவதால் வருவது. பௌத்திரமோ ஒரு சுரங்கப்பாதை. ஆசனவாயின் உட்புறத்தைச் சுற்றி நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று அடைபட்டுக் கிருமி தாக்கினால் அங்கே சீழ்க்கட்டி உண்டாகிறது. அக்கட்டி வெளியேற வழி தேடித் தசையைத் துளைத்து, ஆசனவாயின் அருகே தோலில் ஒரு சிறு துவாரமாக உடைகிறது. கட்டி உடைந்ததும் வலி தணியும். நோய் நீங்கிற்று என்று நோயாளி மகிழ்வார். ஆனால் உள்வாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையே தோன்றிய பாதை மூடாமல் நின்றுவிடும். சில வாரங்களில் மீண்டும் வீக்கம், மீண்டும் சீழ், மீண்டும் உடையில் கறை. மேலே பூசும் களிம்பு இதற்குப் போதாது. மேல்வாயை மட்டும் மூடினால், உள்ளே தேங்கிய சீழ் வேறொரு வழியைத் தோண்டிக்கொள்ளும்.

சுஸ்ருத சம்ஹிதை இந்நோயை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. சல்லடைபோல் பல துளைகள் உடையது சதபோனகம். ஒட்டகத்தின் கழுத்துப்போல் எழும்பி நிற்பது உஷ்ட்ரக்ரீவம். இடையறாது கசிவது பரிஸ்ராவி. நத்தையோட்டின் சுழிபோல் வளைந்து செல்வது சம்பூகாவர்த்தம். உணவோடு விழுங்கிய எலும்புத் துணுக்கு முதலியன குத்திக் கிழிப்பதால் வருவது உன்மார்கி. சுழித்துச் செல்லும் வகையும், உட்காயத்தால் வரும் வகையும் தீர்க்க அரியவை என்று அந்நூல் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. கிளைத்தும் வளைந்தும் செல்லும் பாதைகளே சிக்கலானவை என்று இன்றைய அறுவை மருத்துவர்களும் கூறுகின்றனர்.

இதே நூல், குடல் துளைபட்டால் அதன் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துக் கருநிற எறும்புகளைக் கடிக்கவிட்டு, உடலைத் துண்டித்துத் தலையை மட்டும் தையலாக நிறுத்தும் முறையையும் உரைக்கிறது. உடலின் எந்தப் பகுதியையும் அருவருத்து ஒதுக்காமல், உள்ளது உள்ளபடி நோக்கிய பார்வை அது.

கத்தி வேண்டாதோர்க்கு நூல்

பௌத்திரத்துக்குக் கத்தியால் கீறித் திறக்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை விரிவாகக் கூறுகிறது. அதனுடன் மற்றொரு வழியையும் வைக்கிறது. உடல் மெலிந்தோர், பலம் குன்றியோர், அச்சம் மிகுந்தோர், மர்ம ஸ்தானங்களைச் சார்ந்து துளை அமைந்தோர் ஆகியோருக்குக் கத்தியைத் தவிர்த்து, காரம் ஏற்றிய நூலைக் கொண்டு சிகிச்சை செய்ய வேண்டும் என்பது அதன் அறிவுரை. இதுவே க்ஷார சூத்திரம்; தமிழில் கார நூல்.

அந்நூலை ஆக்கும் பக்குவத்தை, பதினோராம் நூற்றாண்டில் வங்கத்தில் வாழ்ந்த சக்கரபாணி தத்தரின் மருத்துவ நூல் எடுத்துரைக்கிறது. கள்ளிப்பாலிலும் மஞ்சள் தூளிலும் நூலை மீண்டும் மீண்டும் தோய்த்து உலர்த்த வேண்டும் என்பது அவர் கூறும் முறை. காலப்போக்கில் இச்சிகிச்சை செய்யத் தெரிந்த கைகள் அருகின. ஏடுகளில் எழுத்து இருந்தது. நூல் எவ்வளவு நாள் இருக்கவேண்டும், எத்தனை முறை தோய்க்கவேண்டும் என்னும் அனுபவ அறிவு மங்கிப்போயிற்று.

அது மீண்டும் துலங்கிய இடத்தைக் காண விரும்புவோர், கோதௌலியா சந்திப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லவேண்டும். வழியில் துர்க்கா குண்டத்து அம்மனையும், துளசி மானஸ மந்திரையும், சங்கட மோசன அனுமனையும் தரிசிக்கலாம். அதன்பின் லங்கா என்னும் இடத்தில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சிங்க வாயில் எதிர்ப்படும். பண்டித மதன்மோகன் மாளவியா 1916-ஆம் ஆண்டு நிறுவிய கல்விக் கோயில் இது. உள்ளே மரநிழல் படர்ந்த அகன்ற சாலைகள். நடுவே வானளாவிய சிகரத்துடன் புதிய விசுவநாதர் ஆலயம். 1931-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1966-இல் நிறைவுற்ற இவ்வாலயத்தில் எல்லோரும் தரிசிக்கலாம். யாத்திரிகர்களும் மாணவர்களும் ஒரே வரிசையில் நின்று அபிஷேகம் காண்கின்றனர்.

அதே வளாகத்தில் சர் சுந்தர்லால் மருத்துவமனையும் ஆயுர்வேதப் பிரிவும் அமைந்துள்ளன. 1960-களில் இங்குப் பணியாற்றிய பி.ஜே. தேஷ்பாண்டே என்னும் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும், ஏட்டில் உறங்கிய கார நூலை மீண்டும் கையில் எடுத்தனர். நூலின் தடிமன், தோய்க்கும் முறை, மாற்றும் இடைவெளி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து வரையறுத்தனர். இருநூறு நோயாளிகளின் சிகிச்சை விவரத்தை 1973-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

இருபத்தொரு பூச்சு

இன்று வழங்கும் முறைப்படி, வலிமையான லினன் நூலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் இருபத்தொரு பூச்சுகள் ஏற்றப்படுகின்றன. முதல் பதினொன்று இலைக்கள்ளியின் பால் மட்டும். அடுத்த ஏழு, கள்ளிப்பாலும் நாயுருவி உப்பும். இறுதி மூன்று, கள்ளிப்பாலும் மஞ்சள் தூளும். ஒவ்வொரு பூச்சும் நன்கு உலர்ந்த பிறகே அடுத்தது. ஆகவே ஒரு நூல் முழுமை பெறப் பல நாட்கள் செல்லும்.

இம்மூன்று பொருள்களும் வழிபாட்டில் ஊறிய குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. விநாயக சதுர்த்தியன்று இருபத்தொரு பத்திரங்களால் அர்ச்சிக்கும்போது நாயுருவி இலையும் அவற்றுள் ஒன்று. நவக்கிரக ஹோமத்தில் புதனுக்குரிய சமித்தும் நாயுருவியே. வேலியோரத்தில் வளர்ந்து, நடப்போரின் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் அச்செடியை உலர்த்தி எரித்து, சாம்பலை நீரில் கரைத்து வடித்து, அந்நீரைச் சுண்டக் காய்ச்சினால் அடியில் வெண்ணிற உப்புத் தங்கும். அதுவே காரம். அது கெட்ட தசையை அரிக்கும். கள்ளிப்பால் அக்காரத்தை நூலோடு பிணைக்கும், தானும் அரிக்கும். மஞ்சள் கிருமியைத் தடுத்துப் புண்ணை ஆற்றும்.

சிகிச்சை முறையும் எளிமையானதே. முனையில் காதுள்ள மெல்லிய உலோகக் கம்பியை வெளித் துவாரத்தின் வழியே மெதுவாகச் செலுத்தி, உள்வாயிலைக் கண்டறிந்து, நூலை அப்பாதை முழுதும் ஓடச் செய்து, இரு முனைகளையும் வெளியே முடிச்சிடுகின்றனர். பலர் அன்றே வீடு திரும்பி விடுகின்றனர். வாரம் ஒருமுறை, பழைய நூலின் முனையில் புதிய நூலைக் கட்டி இழுத்து மாற்றுகின்றனர். நூல் அன்றாடம் சிறிது சிறிதாகப் பாதையை அறுத்து வருகிறது. அறுபட்ட இடம் பின்னாலேயே ஆறி வருகிறது. உள்ளே தேங்கும் சீழும் நூலின் வழியே வடிந்துவிடுகிறது. வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவு பாதை குறையும். ஆகவே பாதை நீளமானால் நாளும் நீளும். கடைசி முடிச்சுத் தானே விழும்போது, பாதை என்ற ஒன்று அங்கே இருப்பதில்லை.

இந்த நிதானத்தில்தான் இம்முறையின் சிறப்பு அடங்கியிருக்கிறது. மலத்தை அடக்கி வைப்பவை ஆசனவாயின் சுருக்குத் தசைகள். பௌத்திரப் பாதை அத்தசையின் பெரும்பகுதியை ஊடுருவிச் சென்றால், கத்தியால் ஒரே வீச்சில் திறப்பது ஆபத்து. அடக்கும் ஆற்றல் குன்றிவிடக்கூடும். முதியோருக்கு அது நோயைவிடக் கொடிய துன்பம். நூலோ தசையை மெல்ல மெல்லக் கடந்து செல்வதால், அறுபட்ட முனைகள் விலகி ஓடாமல் தழும்போடு சேர்ந்து ஆறுகின்றன. பண்டைய கிரேக்க மருத்துவரான ஹிப்போகிரட்டீஸின் மரபிலும் பௌத்திரத்துக்கு நூல் கட்டும் வழக்கம் இருந்தது. இன்றைய நவீன அறுவைச் சிகிச்சையிலும் சிக்கலான பௌத்திரங்களுக்கு மருந்து பூசாத நூலைக் கட்டி வைக்கும் முறை வழக்கில் உள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் கார நூலையும் வழக்கமான அறுவைச் சிகிச்சையையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1991-இல் முடிவை வெளியிட்டது. அறுவைச் சிகிச்சை பெற்றோர்க்குப் புண் நான்கு வாரங்களில் ஆறிற்று. கார நூலுக்கு எட்டு வாரங்கள் ஆயின. ஆனால் நோய் மீண்டும் தோன்றியது அறுவை பெற்றோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு. நூல் கட்டியோரில் நூற்றுக்கு நால்வருக்கே. காலத்தைக் கூடுதலாகக் கொடுத்தோர் அதற்குரிய பலனைப் பெற்றனர்.

முதியோர் கருத்தில் கொள்ளவேண்டியவை

கார நூலால் எல்லாப் பௌத்திரமும் தீரும் என்று கருதுவது தவறு. காச நோயாலும் பௌத்திரம் வரலாம். அப்போது காச நோய்க்குரிய மருந்தே முதன்மை. குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் குரோன் என்னும் நோயினாலும் வரலாம். அதற்கு மருத்துவம் வேறு. கிளைத்துச் செல்லும் பாதைகளை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே எந்தச் சிகிச்சையையும் தீர்மானிக்க வேண்டியிருக்கும். சர்க்கரை நோய் உள்ளோர் அதைக் கட்டுக்குள் வைக்காவிடில் புண் ஆறத் தாமதமாகும். இருதய நோய்க்காக இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உட்கொள்வோர், நூல் கட்டுவதற்கு முன் அதனை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். ஆசனவாயின் அருகே கடும் வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது சீழ்க்கட்டி. ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மலத்தில் இரத்தம் கலந்து போவது, மலம் கழியும் பழக்கம் மாறுவது, காரணமின்றி எடை குறைவது ஆகியவற்றை மூலம் என்று தாமே முடிவு செய்துகொள்வதும் ஆபத்து. வேறு கொடிய நோயின் அடையாளமாகவும் அவை இருக்கலாம்.

வீட்டிலேயே கள்ளிப்பாலைத் தடவிப் பார்க்கும் விபரீதமும் வேண்டாம். தோலில் பட்டால் கொப்புளமும் கண்ணில் பட்டால் பார்வைக் கேடும் விளைவிக்கக் கூடியது அது. முறையாகப் பயின்று பட்டம் பெற்ற மருத்துவரே இந்நூலைக் கையாளத் தகுந்தவர். இதற்கெனக் காசி வரை செல்லவேண்டிய அவசியமும் இல்லை. ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனைகளிலும், தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற சித்த மருத்துவ நிலையங்களிலும் கார நூல் சிகிச்சை அளிக்கப்படுகிறது. பட்டம் எதுவும் குறிப்பிடாத சுவரொட்டிகளையும், ஒரே நாளில் குணம் என்னும் வாக்குறுதிகளையும் தவிர்ப்பதே அறிவுடைமை.

சிகிச்சைக் காலத்தில் வேண்டுவன சிலவே. மலம் இறுகாதபடி கீரையும் காயும் பழமும் நீரும் போதிய அளவு கொள்ளுதல். இளஞ்சூடான நீர் நிறைந்த தொட்டியில் நாளும் சிறிது நேரம் அமர்ந்து எழுதல். குறித்த நாளில் தவறாது சென்று நூலை மாற்றிக்கொள்ளுதல். மாற்றிய நாளிலும் மறுநாளிலும் சற்று வலி இருக்கும்; பின் தணிந்துவிடும். வலி தணிந்ததே என்று இடையில் நிறுத்தினால், பாதை பாதியில் நின்று பழைய துன்பம் திரும்பும்.

மறைக்காத ஊர்

இந்நோயில் உடல் வலியைவிட மனவலியே பெரிது. பல வீடுகளில் தாத்தாவோ பாட்டியோ தரையில் அமர மறுப்பதற்கும், திருவிழாவுக்கு வரவில்லை என்று சொல்வதற்கும், நெடுநேரம் குளியலறையில் இருப்பதற்கும் காரணம் எவருக்கும் தெரிவதில்லை. பிள்ளைகளிடம் சொல்ல நாணம். மருமகளிடம் கறைபட்ட துணி சிக்கிவிடுமோ என்ற அச்சம். ஆசாரக் குறைவு நேருமோ என்று கோயிலுக்குச் செல்வதையே நிறுத்திவிட்ட ஏக்கம். அறுபது ஆண்டுகள் தவறாமல் பிரதோஷ தரிசனம் செய்த ஒருவர், ஒரு சிறு துவாரத்தின் பொருட்டு வீட்டுத் திண்ணையோடு ஒடுங்கிவிடுவது எத்தகைய துயரம்! இவ்வாறு மறைத்துக் கடத்தும் ஆண்டுகளில் நேரான பாதை கிளைவிட்டு, எளிதில் தீரக்கூடியது அரிதாகி விடுகிறது.

காசி இதற்கு நேர்மாறான ஊர். மகா மயானம் என்று அதற்கு ஒரு பெயர். பிற ஊர்களில் எல்லைக்கு அப்பால் தள்ளி வைக்கும் சிதையை, மணிகர்ணிகைத் துறையில் ஊரின் நடுவே, நீராடுவோரின் கண்முன்னே எரிய விடுகிறது அந்நகரம். மரணத்தையே மறைக்காத ஊர் அது. அந்த ஊரின் அரசர், குதத்தில் வரும் புண்ணைப் பற்றித் தம் மாணாக்கர்களிடம் கூச்சமின்றிப் பேசினார். அது எத்தனை வகை, எது தீரும், எது தீராது, மெலிந்தோருக்கும் அஞ்சியோருக்கும் என்ன செய்வது என்று பரிவோடு விளக்கினார். உபதேசிக்க அவர் நாணவில்லை. உரைத்துக் குணம் பெற நோயாளி நாணுவானேன்?

நாயுருவியை விநாயகருக்கு அர்ச்சிக்கும் கை, அதே நாயுருவியால் ஆன நூலை ஏற்பதில் இழுக்கு எதுவும் இல்லை. இவ்விரண்டும் ஒரே மரபு தந்தவை.

அடுத்த முறை காசிக்குச் செல்லும் அன்பர்கள், காலபைரவரிடம் கயிறு பெற்றதும் திரும்பிவிடாமல் தாராநகர் வரை நடந்து, மிருத்யுஞ்ஜயரையும் தன்வந்திரி கூபத்தையும் தரிசிக்கலாம். மாலையில் பல்கலைக்கழக விசுவநாதரைச் சேவித்துத் திரும்பும் வழியில், அம்மருத்துவமனைக் கட்டடங்களையும் ஒரு கணம் நின்று வணங்கலாம். ஊருக்குத் திரும்பிய பின், வீட்டுப் பெரியவரின் கையில் காசிக் கயிற்றைக் கட்டும்போது, "உடம்புக்கு ஏதேனும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அவ்வொரு கேள்விக்காகப் பல்லாண்டுகளாகக் காத்திருப்போர் சில வீடுகளில் இருக்கக்கூடும்.